இரண்டு தம்ளர்

டயாலிசிஸ் பிரிவுக்குக் காலை ஆறு மணி ஷிப்டில் வருகிறவர்கள் முதலில் ஏறுவது எடை மெஷின் மேல்தான். சென்ற முறை வீட்டுக்குப் போனதற்கும் இன்றைக்கும் நடுவில் கூடியிருப்பதெல்லாம் குடித்த தண்ணீர். அங்கே பொய் எடுபடாது. அந்தச் செவ்வாய்க்கிழமை கண்டக்டர் மூன்றரைக் கிலோ கூடியிருந்தார்.

"எவ்வளவு குடிச்சீங்க?" என்றார் சிஸ்டர்.

"ஒரு வாய்தான்."

"வாயா, வாய்க்காலா?"

அவர் தன் படுக்கைக்குப் போனார். இருபத்தெட்டு வருடம் பஸ்ஸில் நின்றபடியே வேலை பார்த்தவர். இப்போது வாரத்துக்கு மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம், ஊசி ஏற்றிய இடது கையை அசைக்காமல் படுத்திருக்கிறார். இது மூன்றாவது வருடம். போன மாதம் எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார்: "போதும். இந்தக் கதை முடியட்டும், நானும் இறங்கிக்கறேன்." விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மெஷினை நிறுத்தினால் பத்துப் பதினைந்து நாள்தான் என்று டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே சொன்னார்.

கதை, பக்கத்துப் படுக்கை டெய்லரம்மா வாசிப்பது. பழைய புத்தகக் கடையில் வாங்கிய நாவல். ஒரே கையால் பிடித்துப் படிக்க வேண்டியிருப்பதால், பக்கங்கள் மூடிக்கொள்ளாமல் துணி உலர்த்தும் கிளிப் இரண்டை மாட்டியிருப்பார். கண்டக்டர் அப்படிச் சொன்ன நாளிலிருந்து டெய்லரம்மாவின் வாசிப்பு நத்தையாகிவிட்டது. ஒரு நாள் தலைவலி, ஒரு நாள் தொண்டை கட்டிவிட்டது, இரண்டு முறை கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டார். எவ்வளவுதான் இழுப்பது? இன்றைக்கு மிச்சம் ஒன்றரைப் பக்கம்.

நாவலின் நாயகிக்கு ஒரு காதலன்; படகில் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. படகு கவிழ்ந்துவிட்டது. கிடைத்த உடல்களில் அவன் உடல் இல்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி அவள் வாசல் கதவைத் தாழிடாமல், மேஜையில் இரண்டு தம்ளர் தண்ணீர் வைத்துவிட்டுப் படுக்கிறாள்.

"'விடிந்தபோது இரண்டு தம்ளர்களும் காலியாக இருந்தன.'" டெய்லரம்மா கிளிப்பைக் கழற்றினார். "அவ்வளவுதான் அண்ணே."

"அவ்வளவுதான்னா? வந்தானா வரலையா?"

"வந்துட்டான். அதான் ரெண்டும் காலியாச்சே."

"வந்தவன் தண்ணியக் குடிச்சுட்டு எங்க போனான்? செத்தவன் செத்தவன்தான். ரெண்டையும் அவளே குடிச்சிருப்பா."

"ஒரே ராத்திரியில ரெண்டு தம்ளரா?"

காப்பி, மாத்திரைத் தண்ணீர் எல்லாம் சேர்த்து நாளுக்கு ஒரு லிட்டர் என்று வாழ்கிறவர்கள் அவர்கள். கேள்வி நியாயமாகவே பட்டது. எதிர்ப் படுக்கையில் கண்ணை மூடிக் கிடந்த தபால்காரர், "தம்ளர் எவ்வளவு பிடிக்கும்னு போட்டிருக்கா?" என்றார்.

"போடலையே."

"அதைக்கூடப் போடாம என்ன கதை எழுதறாங்க?"

கண்டக்டரின் மெஷின் அலறியது. சிஸ்டர் ஓடி வந்து அவர் கையை நேராக்கினார். "கதைக்கு எதுக்குக் கைய ஆட்டறீங்க? ரெண்டு தம்ளர் ஒரு விஷயமா? நான் எழுந்ததுமே அரை லிட்டர் குடிப்பேன்."

மூன்று படுக்கைகளும் அவரைப் பார்த்தன, பக்கத்து வீட்டு விருந்தைப் பார்ப்பது போல.

பத்து மணிக்குக் கண்டக்டரின் மனைவி உள்ளே வந்தார். ஊசி எடுத்த இடத்தைக் கண்டக்டர் பஞ்சு வைத்து அழுத்திக்கொண்டிருக்க, மனைவி குனிந்து செருப்பை எடுத்து வைத்தார்.

"அண்ணி, நீங்களே ஞாயம் சொல்லுங்க" என்று டெய்லரம்மா கடைசிப் பக்கத்தை மறுபடி வாசித்தார்.

"அவளேதான் குடிச்சிருப்பா" என்றார் மனைவி.

"கேட்டுக்க" என்றார் கண்டக்டர்.

"ஒரு மாசமா நான் அளந்து வைக்கற தம்ளரை நீங்க தொடறதே இல்லை. குழாயில வாய வச்சுக் குடிக்கறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைப்பு. காலையில அந்தத் தண்ணிய நான்தான் குடிக்கறேன்."

"எதுக்கு? கீழ ஊத்த வேண்டியதுதானே."

"கொட்ட மனசு வரலை. காலியானாத்தான் ராத்திரிக்கு மறுபடியும் ஊத்தி வைக்க முடியும்."

டெய்லரம்மா தயங்கிக் கேட்டார். "அப்ப அவன் வரவே இல்லையா அண்ணி?"

"அது எனக்கு எப்படித் தெரியும்? அன்னைக்கு ராத்திரியும் ஊத்தி வச்சிருப்பா."

கண்டக்டர் எழுந்து போய் எடை மெஷின் மேல் நின்றார்; வெளியே போகும்போதும் ஏறிவிட்டுத்தான் போக வேண்டும். "இன்னும் முக்கால் கிலோ தண்ணி நிக்குது" என்றார் சிஸ்டர். வியாழக்கிழமைப் பட்டியலில் அவர் பெயருக்கான இடம் காலியாக இருந்தது. சிஸ்டரின் பேனா அங்கேயே நின்றது. மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்டக்டர் இறங்கவில்லை. "அவ நிறையத் தண்ணி குடிக்கற பொம்பளையான்னு முன்னாடி எங்கயாவது வருதா?"

"ஞாபகம் இல்லை அண்ணே. முதல்லேர்ந்து பாத்தாத்தான் தெரியும்."

"எத்தனை பக்கம்?"

"முந்நூத்திப் பன்னிரண்டு."

கண்டக்டர் ஒரு நீண்ட பெருமூச்சு விட்டார். ஓவர்டைம் என்று தெரிந்ததும் டிப்போவில் இப்படித்தான் விட்டிருப்பார். "எழுதிக்கங்க சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"டெய்லரம்மா, இந்தத் தடவை கண்ணாடியை மறந்துட்டேன்னு கதை விடாத."