படாத கை

தம்பியின் இடது கையில் சுற்றியிருந்த துணியை அவள் பிரித்துக்கொண்டிருந்தாள். குத்துச்சண்டைக்காரர்கள் கையுறைக்கு உள்ளே சுற்றிக்கொள்ளும் நீளத் துணி. மணிக்கட்டைச் சுற்றி, கட்டைவிரலை வளைத்து, ஒவ்வொரு விரலிடுக்கிலும் நுழைந்து வெளியே வந்திருந்தது. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது.

"கத்தரி தரட்டுமாம்மா?" என்று நர்ஸ் கேட்டார்.

"வேணாம் சிஸ்டர். நல்ல துணி. திரும்பச் சுத்திக்கணும்ல."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நர்ஸ் கத்தரியைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். அவள் துணியை உருட்ட ஆரம்பித்தாள். உருட்டாமல் வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

காலையில் அவளுடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்தவன். வழியெல்லாம் அவள் ஓட்டுகிற அழகைப் பற்றி எதிரே வந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தவன். ரொட்டி வேன் ஓட்டுகிறவனுக்கு ஊரில் மற்ற யார் ஓட்டினாலும் பிடிக்காது. இப்போது வெள்ளைத் துணி மார்புவரை மூடியிருக்க, வாயை லேசாகத் திறந்துகொண்டு படுத்திருந்தான். எழுந்து ஏதாவது சொல்லிவிடுவான் என்றே அவளுக்கு இன்னமும் தோன்றிக்கொண்டிருந்தது. அவன் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

டாக்டர் சின்ன வயதுப் பெண். நடைபாதையில் நிறுத்தி வைத்துப் பேசினார்.

"அடியோட பலத்தால இல்லம்மா, அது விழுந்த நேரத்தாலதான்னு நினைக்கிறோம். ரெண்டு துடிப்புக்கு நடுவுல ஒரு துளி நேரம் இருக்கு. சரியா அந்த நேரத்துல நெஞ்சுல பட்டா, லேசான அடி கூட இதயத்தை நிறுத்திடலாம். ரொம்ப அபூர்வம்."

"அபூர்வம்னா?" என்று அவள் கணவர் கேட்டார்.

"நான் படிச்சிருக்கேன், அவ்வளவுதான். இதுவரைக்கும் பார்த்ததில்ல."

கணவர் தலையாட்டினார். சுவரோடு ஒட்டி நின்றிருந்தார், வெள்ளைக் கராத்தே உடுப்போடு, கறுப்புப் பெல்ட்டோடு, வெறுங்காலோடு. ஆம்புலன்ஸில் அப்படியே ஏறியிருந்தார். போகிற வருகிறவர்கள் எல்லாம் அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனார்கள். பரிசோதனை முடித்து மறுநாள்தான் உடலைத் தருவோம் என்றார்கள். ஒரு போலீஸ்காரர் வந்து நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டார். "யார் அடிச்சது?" என்று அவர் கேட்டபோது கணவர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையைத் தூக்கினார்.

அந்த வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று சண்டை. லிஃப்ட் பழுது பார்க்கும் கணவருக்குக் கராத்தே, தம்பிக்குக் குத்துச்சண்டை, கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவளுக்கு ஜூடோ. ஒரு மரச்சாமான் கடைக்கு மேலே இருந்த கூடத்தில் மூன்று வகுப்பும் நடந்தன. ஞாயிறு காலை மட்டும் எல்லோரும் ஒன்றாகப் பழகுவார்கள். பழகிவிட்டு வந்து சாப்பாட்டு மேஜையில் மறுபடி ஒரு சண்டை நடக்கும். அதுதான் பெரிய சண்டை.

கணவருடைய கராத்தேயில் குத்து சட்டைக்கு ஒரு நூல் முன்னால் நின்றுவிட வேண்டும். முழு வேகத்தில் போய், நின்றுவிட வேண்டும். அதில் அவர் கெட்டிக்காரர். "தொட்டுட்டா அது குத்து இல்ல, அவசரம்" என்பார். தம்பிக்கு இது ஆகவே ஆகாது.

"மாமா, நீங்க அடிக்கிறதில்ல, அளவெடுக்கிறீங்க. பேசாம டெய்லர் கடைக்குப் போயிடுங்க."

"டேய் சோடா, நிறுத்தத் தெரியாதவனுக்குத்தான்டா அடிக்கிறது பெருசு."

சோடா என்பது அவனுக்கு அவர் வைத்த பேர். திறந்தால் பொங்குவான், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடுவான். ஊரே அப்படிக் கூப்பிட ஆரம்பித்திருந்தது.

"ரெண்டு பேரும் முதல்ல விழக் கத்துக்கங்க" என்று அவள் நடுவில் புகுவாள். ஜூடோவில் முதல் பாடமே அதுதான். விழும்போது கையால் தரையை அறைய வேண்டும், அடி உடம்புக்குப் போகாது.

"விழறதுக்கு ஒரு கிளாஸாக்கா? நான் பொறந்ததுலேருந்து ஃப்ரீயா விழுந்துக்கிட்டிருக்கேன்."

அம்மா மூன்று பேரையும் மதிக்க மாட்டாள். ஒரு தடவை சமையலறையில் எலி வந்தபோது மூன்று பேரும் நாற்காலி மேல் ஏறி நின்று, அதை எந்த முறையில் அடிப்பது என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா துடைப்பத்தோடு வந்து ஒரே போடு போட்டுவிட்டு, "இது எந்த ஊர் சண்டைன்னு எழுதி வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ஒரு வாரம் யாரும் அம்மாவை எதிர்த்துப் பேசவில்லை.

இன்று காலை பயிற்சி முடிகிற நேரம். தம்பி கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கணவருக்கு முன்னால் போய் நின்றானாம். "மாமா, ஒரே ஒரு தடவை தொட்டுக் காட்டுங்க. இத்தனை வருஷமா காத்தைத்தானே அடிச்சுக்கிட்டிருக்கீங்க. காத்துக்கே பாவமா இருக்கு." சுற்றி நின்றவர்கள் சிரித்திருக்கிறார்கள். கணவர் மாட்டேன் என்றிருக்கிறார். அவன் விடவில்லை. கடைசியில், "சரி, தொடறேன். அழக்கூடாது" என்றிருக்கிறார்.

அவள் கூடத்தின் மறுகோடியில், புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு விழக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். முதுகு அந்தப் பக்கம். சத்தம்தான் கேட்டது. விழுகிற சத்தம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எந்த மனுஷன் விழுந்தாலும், விளையாட்டுக்கு விழுந்தாலும், கையோ முழங்காலோ முதலில் தரையில் படும். இதில் அது இல்லை. ஒரே சத்தம்.

அவள் திரும்பியபோது தம்பி முகம் குப்புறக் கிடந்தான். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். செத்துப்போகிற மாதிரி விழுவது அவனுடைய வழக்கமான கோமாளித்தனம். வாரத்துக்கு ஒரு தடவையாவது செத்துக் காட்டுவான். குத்துச்சண்டைப் பயிற்சியாளர் மண்டியிட்டுத் தரையைத் தட்டி எண்ண ஆரம்பித்திருந்தார், ஆட்டத்தில் விழுந்தவனுக்கு எண்ணுகிற மாதிரி. மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அவள் ஓடினாள். "நிறுத்துங்க" என்று கத்தினாள். அவள் கத்தியதையும் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டார்கள். அவள் அவனைப் புரட்டிப் போட்டபோது பத்து எண்ணி முடித்திருந்தார்கள். கணவரும் எண்ணிக்கொண்டிருந்தார். சிரித்துக்கொண்டே.

அதற்கப்புறம் பயிற்சியாளர் நெஞ்சை அழுத்தினார், ஆம்புலன்ஸ் வந்தது, எல்லாம் நடந்தது. ஆனால் அவள் கண்ணுக்குள் நின்றது அந்தச் சிரிப்புதான். அவளுக்குக் கணவர் மேல் கோபம் கோபமாக வந்தது. தொட்டதற்காக இல்லை. எண்ணியதற்காக.

டாக்சியில் வீட்டுக்குக் கிளம்பினார்கள். ஓட்டுநர் கண்ணாடியில் கணவரையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"கராத்தேயா சார்?"

"ஆமா."

"என் பொண்ணைச் சேர்க்கலாம்னு இருக்கேன். எது சார் நல்லது? கராத்தேயா, குங்ஃபூவா?"

"எதுன்னாலும் பரவாயில்லை" என்றார் கணவர். "நல்ல ஆள்கிட்டப் பழகணும். ஆரம்பத்துல வேகம் வேணாம்னு சொல்லுங்க. நிலையா நிக்கக் கத்துக்கட்டும்."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். முகம் வெளிறிக் கிடந்தது. வாய் மட்டும், யாரோ கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்ற மரியாதையில், தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. பெல்ட்டை அவிழ்த்துத் தொலையுங்கள் என்று சொல்ல நினைத்தாள்.

வீட்டுத் தெரு திரும்புகிற இடத்தில் இறங்கிக்கொண்டார்கள். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. போனில் சொல்லக் கூடாது என்று அவள்தான் எல்லோரையும் தடுத்து வைத்திருந்தாள்.

"நான் சொல்றேன்" என்றாள். "ஹார்ட் நின்னுடுச்சுன்னு சொல்றேன். அது பொய்யில்ல. நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

"நான்தான்னு சொல்லாம எப்படி?"

"இன்னைக்கு வேணாம். என்னைக்குமே வேணாம். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"கூடத்துல அத்தனை பேர் பார்த்தாங்க."

"பார்க்கட்டும். எங்கம்மா பார்க்கல."

அவள் பயந்தது இதற்குத்தான். அம்மா கீழே, அவர்கள் மூன்று பேரும் மாடியில், ஒரே அடுப்பு. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது மாதக்கணக்கில் கைத்தாங்கலாகப் பிடித்து நடக்க வைத்தவர் இந்த மருமகன்தான். 'அடி' என்கிற ஒரு வார்த்தை அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டால், மகன் போன நாளிலேயே அவரும் அம்மாவுக்கு இல்லாமல் போய்விடுவார். அப்புறம் அவள் யார் பக்கம் நிற்பாள்? மாடியிலா, கீழேயா?

அம்மா முன்னறையில் தம்பியின் கம்பெனிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்கு.

"என்னடி, நீ மட்டும் வர்ற? சோடா எங்க? முட்டை வாங்கிட்டு வரச் சொன்னேனே."

அவள் அம்மாவின் பக்கத்தில் போய் நின்று சொன்னாள். தான் பேசுவது தனக்கே யாரோ பேசுவது மாதிரி கேட்டது. ஹார்ட் நின்னுடுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், டாக்டர் எவ்வளவோ பார்த்தாங்க, போயிட்டான்மா.

அம்மா சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டாள். இஸ்திரிப் பெட்டியை அதன் மேல் ஓட்டினாள்.

"அதெப்படி நிக்கும்" என்றாள். "காலையில என் தட்டுல இருந்ததையும் சேர்த்துத் தின்னுட்டுப் போனான்."

"அம்மா."

"சளி கூட இல்லையேடி அவனுக்கு."

அவள் அம்மாவின் தோளைப் பிடித்தாள். அம்மா அழவில்லை. சட்டைக் கையை நீவி விட்டாள், அதையும் போட்டாள். பெட்டியிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. பிறகு தலையைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள்.

"மாப்பிள்ளை ஏன் கேட்டுக்கு வெளியவே நிக்கறாரு? செருப்பு கூட இல்லாம?"

"அவர் வருவார்மா. நீ உட்காரு."

"உள்ள வாங்க மாப்பிள்ளை" என்று அம்மா ஜன்னலைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏன் அங்கயே நிக்கறீங்க?"

அவர் வந்தார். வாசற்படியில் காலைத் துடைத்துக்கொண்டார். அவள் அவரையே பார்த்தாள், வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அம்மாவுக்கு நேராக வந்து நின்றார்.

"அத்தை, என் கை பட்டுத்தான் போயிட்டான்."

அம்மாவுக்கு விளங்கவில்லை. மகள் முகத்தையும் மருமகன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்க கையா?" என்றாள். "உங்க கைதான் படவே படாதே மாப்பிள்ளை."

"தொட்டுக் காட்டச் சொன்னான். தொட்டேன்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சுவிட்சை அணைத்தாள். மேஜையைச் சுற்றிக்கொண்டு அவருக்கு முன்னால் வந்தாள். அம்மா அடிக்கப் போகிறாள் என்று நினைத்து மகள் நடுவில் வந்து நின்றாள். அம்மா அவளை ஒரு கையால் ஒதுக்கினாள்.

"எங்க பட்டுது?"

கணவர் தன் நெஞ்சின் இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினார்.

"உங்க மேல இல்ல. என் மேல காட்டுங்க."

"அம்மா, என்ன பேசற நீ?"

"நீ சும்மா இரு. என் பிள்ளைக்கு எவ்வளவு வலிச்சிருக்கும்னு எனக்குத் தெரிய வேணாமா?"

கணவர் அழுதுகொண்டிருந்தார். சத்தமே இல்லை, கன்னம் மட்டும் நனைந்துகொண்டே இருந்தது. "முடியாது அத்தை" என்றார்.

"அவன் கேட்டப்போ முடிஞ்சுதே மாப்பிள்ளை." அம்மாவின் குரலில் கோபம் இல்லை. "கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். அவனை எப்படித் தொட்டீங்களோ அப்படி."

அவர் கையை மூடினார். மறு கையால் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டார், பிறகு விட்டார். குத்து போனது. அவர் அளவு அவளுக்குத் தெரியும். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அம்மாவின் நெஞ்சில் துணி லேசாக அமுங்கி, மறுபடி எழுந்தது. அம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

அம்மா குனிந்து அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் அத்தை."

"வலிக்கவே இல்லையே" என்றாள் அம்மா.

அவர் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அம்மா விடவில்லை. அதை இரண்டு கையாலும் பிடித்து, மறுபடி அதே இடத்தில் வைத்துப் பார்த்தாள்.