ஒன்றரை லட்சம் கிளிக்

மதனின் கேமராவுக்கு ஆயுள் ஒன்றரை லட்சம் கிளிக் என்று கம்பெனியே சொல்லியிருந்தது. அதற்கு மேல் உள்ளே இருக்கும் ஷட்டர் எப்போது வேண்டுமானாலும் படுத்துவிடுமாம். தன் ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று தெரியாத மதனுக்கு, கேமரா அதுவரை அறுபத்திரண்டாயிரம் அடித்திருக்கிறது என்பது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

மைசூரில் கல்யாணம் எடுக்கிறவன் கிளிக்கை மிச்சம் பிடிப்பது லேசில்லை. முகூர்த்தம் முடிந்ததும் முந்நூறு பேர் மேடை ஏறுவார்கள். அதற்கும் மகானுபாவன் ஒரு வழி வைத்திருந்தான். ஃபிளாஷின் முதுகில் சோதனைக்கென்று ஒரு பொத்தான் உண்டு. அதை அமுக்கினால் வெளிச்சம் மட்டும் அடிக்கும், படம் விழாது. பஸ்ஸில் வந்து இறங்கிய, தெரியாத முகம் என்றால் வெளிச்சத்தோடு சரி. அவர்களும் சிரித்துவிட்டுத் திருப்தியாகச் சாப்பிடப் போவார்கள். இவ்வளவு மூளையை அவன் வேறு எதற்காவது செலவழித்திருக்கலாம்.

மனிஷா கல்யாணத்திலும் அப்படித்தான். எல்லோரும் பந்தியில் இருந்தார்கள், வீடியோக்காரர் உட்பட. பெண்ணின் அம்மா கமலம்மாள், மஞ்சள் பையோடு வந்த ஓர் அம்மாளின் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்தார். மதன் பையைப் பார்த்தான். இரண்டு தடவை வெளிச்சம் அடித்தான்.

ஒரு மாதம் கழித்து, கமலம்மாள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்தார். மஞ்சள் பைக்காரர் ராமாபுரத்துத் தேவம்மா, கூடப் பிறந்த தங்கை. மனிஷா பெரியவளான சடங்கில் தன் புருஷனை இரண்டாம் பந்தியில் உட்காரவைத்தார்கள் என்று பன்னிரண்டு வருஷம் பேசாமலிருந்து, இந்தக் கல்யாணத்துக்குத்தான் மனம் இறங்கி வந்தவர். ஆல்பத்தில் தன் முகமே இல்லை என்றதும், அக்காதான் நீக்கச் சொல்லியிருக்கிறாள் என்று முடிவுகட்டி, மறுபடி பேச்சை நிறுத்திவிட்டார்.

"இனி என் சாவுக்குக்கூட அவ வரமாட்டா மதன். அந்த ஒரு படத்தக் குடுத்துரு," என்றார் கமலம்மாள்.

மெமரி கார்டு கெட்டுவிட்டது என்று சொல்ல மதன் வாயைத் திறந்தான். அந்த அம்மாள் அழுதுகொண்டிருந்தார். அவனுக்கு முதல்முறையாக வெட்கமாக இருந்தது. தேவம்மாவின் நம்பரை வாங்கி, போனிலேயே உண்மையைச் சொல்லிவிட்டான். நேரில் வந்தால் அக்காவோடு சேர்த்து மறுபடி எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னான்.

மறுநாள் தேவம்மா முதல் பஸ்ஸில் வந்தார். அக்காவும் தங்கையும் கல்யாணத்தன்று கட்டிய அதே பட்டுப்புடவையில் ஸ்டுடியோ ஸ்டூலில் உட்கார்ந்தார்கள், நடுவில் ஒரு முழம் இடம் விட்டு.

"ஏந்தம்பி, அப்ப நாங்க கண்ணு சிமிட்டாம நின்னது வெறும் வெளிச்சத்துக்கா?" என்று மட்டும் தேவம்மா கேட்டார்.

மதன் நிஜப் பொத்தானை அழுத்தினான். உள்ளே ஏதோ இருமியது. திரையில் எரர் என்று வந்தது. பேட்டரியைக் கழற்றி மாட்டினான், மறுபடி எரர். ஷட்டர் போய்விட்டது. கணக்குப்படி இன்னும் எண்பதாயிரத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

கேமரா கெட்டுவிட்டது என்றான்.

"நடிக்காத தம்பி."

சத்தியம் செய்தான். "இவன் பேச்ச நம்பாத தேவி," என்றார் கமலம்மாள். "எனக்கென்னக்கா பைத்தியமா?" என்றார் தேவம்மா. பன்னிரண்டு வருஷத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. பிறகு ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடங்கி, அரைமணி நேரம் அவனை வைது தீர்த்தார்கள். நடுவிலிருந்த ஒரு முழம் எப்போது காணாமல் போனது என்று யாரும் கவனிக்கவில்லை.

கடைசியில் கமலம்மாள் தன் போனை, சத்தம் கேட்டு வந்து நின்ற மதனின் மனைவி தமிழ்ப்ரியாவிடம் கொடுத்து, நீ எடு கண்ணு என்றார். தேவம்மா மதனையும் கையைப் பிடித்து இழுத்துப் பின்னால் நிறுத்தினார். எடுத்ததும் போனை வாங்கி, படம் நிஜமாகவே விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

அந்தப் படம் இன்று ராமாபுரத்து வீட்டில் மாட்டியிருக்கிறது. அக்காவும் தங்கையும் வாய் நிறையச் சிரிக்கிறார்கள். பின்னால் செத்த கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மதன் நிற்கிறான், கண்ணை மூடியபடி.