அணைக்காத வண்டி

சாவியைத் திருகப்போன செல்வப்பிரியாவின் கையை அண்ணன் மெல்லத் தொட்டார்.

"அணைக்காத அம்முணி. பாப்பா தூங்குது. வேர்த்தா எந்திரிச்சுக்கும்."

பின்சீட்டில் தன்விகா அம்மாவின் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே பங்குனி வெயில். வேலந்தாவளத்தில் அன்று சந்தை. கயிறு பிடித்த ஆட்களும் மாடுகளுமாகச் சாலை அடைத்துக்கொண்டு நகர்ந்தது.

"எஞ்சினை ஓடவுட்டுட்டு, புள்ளையத் தனியா உட்டுட்டு எப்படிண்ணா போறது?"

"ஏன், நான் ஒருத்தன் இருக்கறேன்ல."

அருள்குமார் சிரித்தார். அந்தச் சிரிப்பு உதட்டுக்கு வந்து சேர நேரமானது. காலையில்தான் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் எல்லாக் குழாய்களையும் கழற்றிவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பியிருந்தார்கள். ஊசி போட்ட கழுத்தில் ஒட்டியிருந்த பஞ்சு நனைந்துவிட்டது. மாற்றுப் பஞ்சும் பிளாஸ்திரியும் வேண்டும். மெடிக்கல் கடை சாலைக்கு எதிர்ப்பக்கம்தான்.

"இப்ப வந்தர்றேண்ணா."

"மெதுவா வா. மாடு முட்டிரப் போகுது."

வாங்க வேண்டியதை வாங்கியாகிவிட்டது. திரும்பும்போது பக்கத்துச் சர்பத் கடை முன்னால் அவள் கால்கள் தாமாக நின்றன. இன்பமேரி என்று பெயர் எழுதிய தள்ளுவண்டி. எலுமிச்சம்பழம் பிழியும் வாசனை. மலைக் கணவாய்ப் பக்கமிருந்து ஒரு காற்று வந்து அவள் முடியைக் கலைத்தது. எதிரே ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டி தன்னைக் கட்டியிருந்த கயிற்றையே நக்கிக்கொண்டிருந்தது. எத்தனையோ மாதங்களாக ஆஸ்பத்திரி வராந்தாக்களில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தவளை இப்போது யாரும் கூப்பிடவில்லை. மாட்டுக்காரர்களின் பேச்சு தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. நன்னாரி தொண்டையில் குளிர்ச்சியாக இறங்கியபோது, தான் யாருடைய தங்கை, யாருடைய அம்மா என்பதுகூட ஒரு கணம் அவளுக்கு மறந்துபோனது.

"இன்னொன்னு போடட்டுங்களா?" என்றாள் இன்பமேரி.

செல்வப்பிரியா தலையாட்டினாள்.

அவள் காருக்கு வந்தபோது கதவு திறக்கவில்லை. எஞ்சின் சீராக உறுமிக்கொண்டிருந்தது. தன்விகா ஓட்டுநர் சீட்டில் ஏறி நின்று ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதே என்று காட்டினாள்.

குழந்தைக்கு அந்தப் பக்கம் அண்ணனின் தலை சீட் பெல்ட்டின்மேல் சாய்ந்திருந்தது. கண்கள் முழுதாக மூடவில்லை. அது தூங்குகிறவரின் முகம் இல்லை என்பது அவளுக்கு உடனே தெரிந்தது. தெரிந்ததை அப்படியே ஒரு பக்கமாக வைத்தாள். ஏனென்றால் குழந்தையின் கை கியர் கம்பிமேல் இருந்தது. சாலை சரிவாக இறங்கியது. சரிவின் அடியில் மாடுகளும் மனிதர்களும் நின்றிருந்தார்கள். கைப்பிரேக்கை இழுத்தோமா என்று யோசித்துப் பார்த்தாள். நினைவுக்கு வரவில்லை.

யாரோ பின்னால் வந்து நின்றார்கள். அவர்கள் ஊர் மாட்டுத் தரகர் குப்பண்ணன். உள்ளே ஒருமுறை பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

"கல்லெடுத்துக் கண்ணாடிய ஒடச்சரலாங்களா?"

"வேண்டாங்க. புள்ள பயந்துக்கும்."

செல்வப்பிரியா கண்ணாடியில் முகத்தை வைத்துச் சிரித்தாள். கதவில் இருக்கும் பொத்தானைக் காட்டினாள். தன்விகா மாட்டேன் என்று தலையசைத்தாள். மறுபடி காட்டினாள். மறுபடியும் மாட்டேன். செல்வப்பிரியா மூக்கைக் கண்ணாடியில் அழுத்திச் சப்பையாக்கிக் காட்டினாள். குழந்தைக்குச் சிரிப்பு வந்தது. கியரை விட்டுவிட்டு அதுவும் வந்து மூக்கை அழுத்தியது. ஊன்றிக்கொள்ளப் போன அதன் உள்ளங்கை ஏதோ ஒரு பொத்தானில் பட, கண்ணாடி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. உள்ளிருந்த குளிர்ந்த காற்று செல்வப்பிரியாவின் முகத்தில் பட்டது.

"மெதுவாப் பேசும்மா. மாமா தூங்குது."

அவள் உள்ளே கையை விட்டுக் கைப்பிரேக்கைத் தொட்டுப் பார்த்தாள். இழுத்துத்தான் இருந்தது. பிறகு கதவுகளின் பூட்டை விடுவித்தாள்.

குப்பண்ணன் அந்தப் பக்கக் கதவைத் திறந்து அருள்குமாரின் நெஞ்சில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் மடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு?"

"அங்கிருந்துதானுங்க வர்றோம்."

"செரிங்க. ஊட்டுக்கே போலாம். பாப்பாவ நான் வச்சுக்கறேன்."

எருத்தேன்பதிக்குப் போகும் பாதையில் வண்டி மிதப்பதுபோல் போனது. பனைகள் ஒவ்வொன்றாக வந்து ஒதுங்கின. தென்னந்தோப்புகளின் நிழல் கண்ணாடியில் ஏறி, அண்ணனின் மடியில் இறங்கி, அந்தப் பக்கமாகப் போயிற்று. வேகத்தடைகளில் அவர் தலை மெல்ல ஆடியது, அவள் மனதில் நினைப்பதற்கெல்லாம் ஆமாம் என்று சொல்வதுபோல. பின்னால் குழந்தை குப்பண்ணனின் காதில் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், உடம்பு தேறி வரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் அதன் காதுகள் இன்னும் வெறுமையாகவே இருந்தன. வாய்க்கால் பாலத்தைத் தாண்டியபோது, இந்தச் சாலை இப்படியே முடியாமல் போய்க்கொண்டிருந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் அம்மா, சரஸ்வதியம்மாள், மகனுக்காக முன்னறையில் கட்டில் போட்டுப் புது விரிப்பு விரித்து வைத்திருந்தாள். குப்பண்ணன் முதலில் இறங்கியதைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றாள். பிறகு நடந்து வந்து காரின் கதவைத் திறந்து, மகனின் கடைவாயை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"உள்ள கொண்டு வாங்க," என்றாள்.

அக்கம்பக்கத்து ஆட்கள் வந்து தூக்கினார்கள். தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். தலைமாட்டில் விளக்கு வைத்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து சுவரோரம் உட்கார்ந்தார்கள். அழுகை ஒருமுறை எழுந்து அடங்கிய இடைவெளியில் அம்மா கேட்டாள்.

"கடசியா எதாச்சும் சொன்னானா கண்ணு?"

"பக்கத்துலதாம்மா இருந்தேன்," என்றாள் செல்வப்பிரியா. "தூங்கற மாதிரியே போயிட்டாரு."

யோசிப்பதற்கு முன்பே வார்த்தைகள் வெளியே வந்துவிட்டன.

பாட்டியின் மடியிலிருந்த தன்விகா நிமிர்ந்தாள். "அம்மா இல்ல. அம்மா கடைக்குப் போயிருந்துச்சு."

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் எந்திரிச்சு அழுதேன். கதவத் தெறந்துட்டேன். மாமா பூட்டிக்கச் சொல்லுச்சு. மாடு நெறைய வருது, எறங்காத சாமி, ஆரு வந்தாலும் தெறக்காதன்னு சொல்லுச்சு. அந்த பட்டன அமுக்குன்னுச்சு. அமுக்குனேன். அப்பறம் மாமா தூங்கிருச்சு."

அம்மா மகனின் முகத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். மகளை ஏறிட்டபோது அந்தக் கண்களில் கேள்வி எதுவும் இல்லை.

"வெயில்ல வந்திருக்கற," என்றாள். "கொஞ்சம் தண்ணி குடி."

யாரோ சொம்பை நீட்டினார்கள். செல்வப்பிரியா அதை வாங்கிக் கையிலேயே வைத்திருந்தாள். நன்னாரியின் இனிப்பு இன்னும் நாக்கில் இருந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

வெளியிலிருந்து குப்பண்ணன் எட்டிப் பார்த்தார். "அம்முணி, வண்டி ஓடிட்டே இருக்குதுங்க."

அவள் எழுந்து வெளியே போனாள். வாசலில் வெயில் வெள்ளையாகக் கொட்டிக்கிடந்தது. வண்டிக்கு அடியில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, மண்ணில் ஒரு கையகலக் குட்டை தேங்கியிருந்தது. ஒரு கோழி தன் குஞ்சுகளோடு அதைச் சுற்றி நின்று குடித்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் அலகை நனைத்து, தலையை வானத்துக்குத் தூக்கி, விழுங்கி, மறுபடி குனிந்தன.

செல்வப்பிரியா கதவின்மேல் கையை வைத்தபடி, அவை குடித்து முடிக்கட்டும் என்று நின்றாள்.