நாற்பத்து மூன்று மணி நேரம் ஆடியவன்

பாங் வூஜே வீடியோ கேம் வாங்குவான். ஆடமாட்டான்.

கோடைத் தள்ளுபடி, சூசோக் பண்டிகைத் தள்ளுபடி, காரணமே சொல்லாத தள்ளுபடி, எது வந்தாலும் சியோல் நகரத்தில் அவன் விரல்தான் முதலில் துடிக்கும். எண்ணூறுக்கு மேல் சேர்ந்துவிட்டன, பிரிக்காத கல்யாணப் பரிசுகள் மாதிரி.

அவற்றில் ஒன்று அவனை மாட்டிவிட்டது. பெயர் ‘உப்புக் கதவு’.

நண்பன் கல்யாணத்தில் பக்கத்து நாற்காலிக்காரி நாரே, நான்கு வருடம் உழைத்து அதை உருவாக்கியது தான்தான் என்றாள். அழகாக வேறு இருந்தாள். அதை ஆடி முடித்து, கடைசிக் கட்டத்தில் அழுததாக வூஜே வாய் கூசாமல் அள்ளிவிட்டான். அடுத்த சனிக்கிழமை காபிக்கு வரச் சொன்னவள், ஆன்லைன் கேம் கடையின் நண்பர் பட்டியலில் சேர அழைப்பும் அனுப்பினாள்.

வீடு திரும்பியதும்தான் உறைத்தது. சேர்ந்துவிட்டால், எதை எத்தனை மணி நேரம் ஆடினான் என்பது அவளுக்குத் தெரிந்துவிடும். போன் ரிப்பேர் என்று சாக்குச் சொல்லி நாளைக் கடத்தினான். ஆடிவிடலாம் என்று உட்கார்ந்தால் கடையின் முகப்பிலேயே தள்ளுபடி, வாங்கிவிட்டு எழுந்துவிடுவான்.

வழி சொன்னவர் அலுவலக சீனியர் தாக்.

“கேமைத் திறந்து வச்சுட்டு ஆபீசுக்கு வாடா. மணி தானா ஏறும்.”

நான்கு பகல் ஏறியது. வெள்ளிக்கிழமை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அழைப்பை ஏற்றான்.

சனிக்கிழமை, மாங்வோன் பகுதிக் காபிக் கடை ஒன்றில் நாரே லேப்டாப்போடு காத்திருந்தாள்.

“நாப்பத்து மூணு மணி நேரம் ஆடியிருக்கீங்க.”

“விடவே முடியல.”

“மொத்த கேமே நாலு மணி நேரம்தான்.”

வூஜே ஐஸ் அமெரிக்கானோவை உறிஞ்சினான். “திரும்பத் திரும்ப ஆடினேன்.”

“முதல் கதவைத் திறந்தாலே ஒரு பதக்கம் விழும். ஆடின எல்லார்கிட்டயும் அது இருக்கு. நீங்க மட்டும் நாலு நாளா கதவுக்கு வெளிய மழைல நின்னுட்டு இருக்கீங்க.”

காது சிவக்க உண்மையை ஒப்புக்கொண்டான். கோபிப்பாள் என்று பார்த்தால் சிரித்தாள். லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பினாள். தான் பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்கி வருவதற்குள் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டால் இருவரும் தக்கால்பி என்னும் காரக் கோழிக்கறி சாப்பிடப் போகலாம், இல்லையென்றால் அவரவர் வழி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரையில் மழை. ஒரு பெண், ஒரு கதவு. அட, அழகாகத்தான் இருக்கிறது என்று நினைத்தான். சாவிப்பலகையில் கை வைத்தான்.

போன் அதிர்ந்தது. தள்ளுபடி முடிய இன்னும் பதினைந்தே நிமிடம். நாரேயின் பழைய கேம்கள் இரண்டும் அதில் இருந்தன. வாங்கினால் மகிழ்வாளே! வாங்கினான். அவற்றின் பக்கத்தில் இருந்தவற்றையும் சும்மா பார்த்தான்.

நாரே ரொட்டியோடு திரும்பினாள். திரையில் இன்னும் மழை.

“உங்க பழைய கேம் ரெண்டையும் வாங்கிட்டேன்,” என்றான் பெருமையாக. “தொண்ணூறு சதவீதம் தள்ளுபடி.”

“தெரியும். அந்த விலையைப் போட்ட அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.”

லேப்டாப்பை மூடினாள். ரொட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், சாலையைக் கடக்க சிவப்பு விளக்கில் நின்றாள். ஓடினால் பிடித்துவிடலாம். வூஜே எழுந்தான்.

போனில், வாங்கும் கூடையில் இன்னும் மூன்று கேம்கள் இருந்தன. தள்ளுபடி முடிய நான்கே நிமிடம்.

உட்கார்ந்தான்.