நீர் மாத்திரை தொடாத நாள்

மூன்று மாதத்தில் மூன்றாவது முறையாகப் பாஞ்சாலி அதே கட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது, நர்ஸ் கலைப்பிரியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விழுப்புரத்து இதய வார்டில் இருப்பதே பன்னிரண்டு கட்டில். கால் இரண்டும் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தே கிடந்தாள் அந்தத் திண்டிவனத்து அம்மாள். இன்னொரு தடவை இப்படி நீர் கோத்தால் இதயம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"நீர் மாத்திரைய ஒழுங்கா சாப்டீங்களா, இல்லியா?"

"சாப்டுக்கினுதான் இருக்கேன் சிஸ்டரு."

பொய். அட, அப்பட்டமான பொய்! எவ்வளவு அதட்டியும் அந்த வாயிலிருந்து வேறு சொல் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் கலைப்பிரியா போனில் மருத்துவக் கட்டுரைகளைத் துழாவினாள். நூற்றுக்கு இத்தனை பேர் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள் என்று கணக்குக் கணக்காக வந்து விழுந்ததே தவிர, ஏன் என்று ஒரு வரி இல்லை. சலித்துப்போய், 'நேர்காணல்' என்ற சொல்லையும் சேர்த்துத் தட்டினாள். நோயாளிகளைப் பேசவிட்டு, அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதிய கட்டுரை ஒன்று வந்தது. பனி கொட்டும் ஏதோ ஒரு தேசம். பேசியவளின் பெயர்கூட இல்லை. பதினோராவது நபர், பெண், வயது அறுபத்திரண்டு.

'வெளியே போகிற நாளில் அந்த மாத்திரையைத் தொடமாட்டேன். நடுவழியில் சிறுநீர் முட்டிக்கொண்டு வந்தால் எங்கே போவேன்? இதையெல்லாம் நர்ஸிடம் எப்படிச் சொல்வது?'

கலைப்பிரியா அந்த வரிகளை மறுபடி படித்தாள். பிசைந்த சோறு கையிலேயே நின்றது. இன்னும் இரண்டு தேசத்துக் கட்டுரைகளைத் திறந்தாள். அங்கேயும் அதே பேச்சு. அடேயப்பா! கடல் தாண்டி, முகம் தெரியாத ஒருத்தி, மயிலம் கூட்டுரோட்டில் கூடையில் அவித்த மல்லாட்டைக் கடலை விற்கும் பாஞ்சாலிக்காகவும் சேர்த்துப் பேசி வைத்திருக்கிறாள்.

கையைக் கழுவிவிட்டு ஓடினாள். கட்டிலோரம் உட்கார்ந்து குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஏம்மா, கூடைய எடுத்துக்கினு போற அன்னிக்கு, ஒதுங்க எடம் இல்லன்னு மாத்திரைய வுட்டுர்றீங்களா?"

பாஞ்சாலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

"தெனமுந்தான் போறேன் சிஸ்டரு. காலைல முழுங்கனா நாலு தபா ஓடணும். சுத்தி ஆம்பளைங்க, லாரிங்க. எங்க போவேன்?"

கலைப்பிரியா டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். வியாபாரம் முடிந்து வீடு திரும்பியதும் மூன்று மணிக்குப் போட்டுக்கொள்ளலாமாம்.

"அவ்ளோதானா?" என்று வாயைப் பிளந்தாள் பாஞ்சாலி. "என் மனசுல இருந்தத ஒங்களுக்கு யாரு சிஸ்டரு சொன்னது?"

அந்த வெளிதேசத்துப் பெண்ணைப் பற்றிக் கலைப்பிரியா சொன்னாள். பாஞ்சாலி அந்தப் போனை எட்டிப் பார்த்தாள்.

"பாவம், அவளுக்கும் இப்டி நேரத்த மாத்திக் குடுத்தாங்களா? இப்ப நல்லா இருக்காளா?"

கலைப்பிரியா மறுபடி போனை எடுத்துக் கட்டுரையின் கடைசி வரி வரைக்கும் தேடினாள். அதை யாரும் எழுதியிருக்கவில்லை.