பதினோரு வருஷம் தாங்கிய பல்வரிசை

"அக்கா, மெல்லும்போது மேல் பல்லுல டிக் டிக்குன்னு சத்தம் வருது." தங்கை ஃபோனில் சொன்னது அவ்வளவுதான். அக்கா உடனே டாக்டரிடம் மறுநாளைக்கு நேரம் வாங்கினாள்.

அக்கா பல் செய்யும் லேபில் வேலை பார்ப்பவள். தங்கை ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். ஈறு நோயில் மேல் பற்கள் எல்லாம் போனபோது, எலும்பில் பதித்த ஆறு இம்ப்ளாண்ட்கள் மேல் திருகிப் பொருத்தும் முழு வரிசையை அக்காதான் செய்து கொடுத்தாள். உள்ளே உலோகச் சட்டம், வெளியே பீங்கான். கடைசியாகச் சூளையிலிருந்து எடுத்தபோது இடது கோரைப்பல்லில் மயிரிழைக் கீறல் ஒன்று தெரிந்தது. மறுநாள் தங்கைக்கு அந்த அறிவிப்பாளர் வேலைக்கான நேர்காணல். அக்கா மேலே கொஞ்சம் பீங்கான் பூசி மறுபடி சுட்டுக் கொடுத்துவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. பதினோரு வருஷமாகத் தங்கை சிரிக்கும்போதெல்லாம் அவள் கண் அந்தப் பல்லுக்குத்தான் போகும்.

ஃபோன் வந்த மறுநாள் டாக்டர் வரிசையைக் கழற்றி எக்ஸ்ரே பார்த்தார்.

"வலது பக்கம் கடைசி இம்ப்ளாண்ட் ஆடுது. சுத்தி எலும்பு கரைஞ்சிருச்சு. செக்கப்புக்கு வந்து எத்தன வருஷமாச்சு?"

"நாலு," என்றாள் தங்கை, வாயைக் கையால் மூடிக்கொண்டு. "பல்லு கல்லு மாதிரி இருந்துச்சே டாக்டர்."

அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கீறல் காரணமில்லை. ஆனால் டாக்டர் அவள் பக்கம் திரும்பினார்.

"மத்த அஞ்சும் நல்லா இருக்கு. இத எடுத்துடறேன். நீங்க வரிசையில அந்தக் கடைசிப் பல்ல மட்டும் வெட்டிக் குடுங்க, போதும்."

வெட்டும் அதிர்வில் பழைய கீறல் ஓடிவிட்டால்?  அக்கா அந்தக் கீறலைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

 தங்கைதான் முதலில் பேசினாள். பல் இல்லாத வாயில் சொற்கள் குழறின.

"இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் வருஷா வருஷம் ஒழுங்கா வந்திருப்பேன்ல?"

அக்கா கழற்றிய வரிசையைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

லேபில், தண்ணீர் சொட்டச் சொட்ட, மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினாள். கடைசிப் பல் சுத்தமாகத் துண்டாகி விழுந்தது. அப்பாடா என்று நிமிர்வதற்குள் 'டக்'கென்று ஒரு சத்தம். கோரைப்பல்லின் முனையிலிருந்து நகக்கண் அளவு பீங்கான் தெறித்துப்போயிருந்தது. உள்ளே உலோகம் சாம்பல் நிறத்தில் தெரிந்தது.  லென்ஸை எடுத்து வரிசை முழுக்கத் தேடினாள். கீறல் அதற்கு மேல் ஓடவில்லை. சட்டம் அசையவில்லை.

டாக்டர் அந்த இடத்தைப் பல் நிறப் பசையால் அடைத்து, வரிசையை ஐந்து திருகுகளில் மாட்டினார். "சட்டம் இன்னும் ரொம்ப வருஷம் வரும். ஆறு மாசத்துக்கு ஒருதரம் நீங்க வரணும்," என்றார் தங்கையிடம்.

தங்கை கண்ணாடியில் வெகுநேரம் பார்த்தாள்.

"ஒட்டுப் போட்டது தெரியுது."

"ஆமா, தெரியும்," என்றாள் அக்கா.

 தங்கை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, நாளைக் காலை அறிவிப்பைச் சொல்லிப் பார்த்தாள். மூன்றாம் நடைமேடை, ஏழு நாற்பது. 'ழ' மட்டும் முதல்முறை வழுக்கியது. மறுபடி சொன்னாள். சரியாக வந்தது.

"பைய எடு," என்றாள் அக்காவிடம். "கோவம் இன்னும் போகல. ஆனா அடுத்த செக்கப்புக்கு நீயே என்னைக் கூட்டிட்டு வரணும்."