கீழ்ப்பாதி

கண் ஆஸ்பத்திரியின் இருட்டறைக்குள்ளிருந்து 'டிக்', 'டிக்' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது. கணவர் உள்ளே இருக்க, வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவிக்கு அதைக் கேட்கக் கேட்கத் தெம்பாக இருந்தது. கிண்ணம் போன்ற வெள்ளைக் கருவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, எங்காவது வெளிச்சப்புள்ளி தெரிந்தால் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். இத்தனை தடவை அமுக்குகிறார் என்றால் இத்தனை புள்ளிகள் தெரிகின்றன என்றுதானே அர்த்தம்?

சத்தம் நின்றது. சோதனை செய்கிற பெண்ணின் குரல் திரைக்கு இந்தப் பக்கம் நன்றாகவே கேட்டது. "சார், வெளிச்சமே வராதப்பவும் அமுக்குறீங்க. மெஷின் அதையும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கு. தெரிஞ்சா மட்டும் அமுக்குங்க."

"கை பரபரன்னு வருதும்மா."

"பரவாயில்ல. இன்னொரு தடவை செய்வோம்."

இரண்டாம் தடவை சத்தம் எப்போதாவதுதான் வந்தது. ஒரு 'டிக்'குக்கும் அடுத்ததற்கும் நடுவில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அவர் இருபத்தாறு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவர். அவசியமில்லாமல் ஹாரன் அடிக்கவே மாட்டார் என்பதால் பணிமனையில் அவருக்கு 'ஹாரன்' என்றே பெயர். பத்து நாளைக்கு முன்னால் காலையில் எழுந்து முகம் கழுவும்போது, வலது கண்ணில் கீழ்ப்பாதி மட்டும் சாம்பல் பூசியதுபோல் இருந்தது. வலியில்லை, சிவப்பில்லை. தேய்த்துப் பார்த்தார். தானாகச் சரியாகிவிடும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். நேற்று சாப்பிடும்போது தண்ணீரை டம்ளருக்கு வெளியே ஊற்றினார். ஊற்றியது தெரியாமல் டம்ளரை எடுத்து வாயில் வைத்தார். அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

கண் டாக்டர் அவளைவிட வயதில் சிறியவர். படத்தை மேசைமேல் விரித்து, மேலே வெள்ளையும் கீழே கறுப்புமாக இருந்த வட்டத்தைக் காட்டினார். "கண்ணுல கோளாறு இல்ல. கண்ணுலேருந்து மூளைக்குப் போற நரம்புக்கு ரத்தம் சரியாப் போகல. தூங்குறப்ப நடந்திருக்கணும். போன பார்வையைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இருக்குன்னு சொன்னா நான் பொய் சொல்றேன்னு அர்த்தம். கொஞ்சம் தானாத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இப்ப நம்ம வைத்தியம் இடது கண்ணைக் காப்பாத்துறதுக்குத்தான். பிரஷர் மாத்திரை எப்ப போடுறீங்க?"

"படுக்கப் போறப்ப."

"ராத்திரி பிரஷர் ரொம்ப இறங்கிடக் கூடாது. நேரத்தை மாத்தணும், உங்க டாக்டருக்கு எழுதித் தர்றேன்." பிறகு அவள் பக்கம் திரும்பினார். "குறட்டை விடுவாரா? நடுவுல மூச்சு நின்னு நின்னு வருமா?"

"அவ்வளவா இல்ல டாக்டர்," என்றாள் அவள்.

படியிறங்கும்போது அவர் கைப்பிடியைத் தடவித் தடவி இறங்கினார். "ஒரு கண்ணுதானே? இன்னொண்ணு கல்லு மாதிரி இருக்கு. அடுத்த மாசம் ஆபீஸ்ல மெடிக்கல். எப்படியாவது சமாளிச்சிடலாம். நீ யார்கிட்டயும் மூச்சு விடாதே."

அவள் நின்றுவிட்டாள். திரும்பி மடமடவென்று படியேறினாள். அவர் கூப்பிட்டது காதில் விழாததுபோல் டாக்டரின் அறைக் கதவைத் தள்ளினாள். அடுத்த நோயாளி உட்கார்ந்திருந்தார். அதையும் பார்க்காமல் பேசினாள்.

"நிக்கும் டாக்டர். மூச்சு நின்னுடும். நான் பக்கத்துல படுத்திருந்த வரைக்கும் தோளைப் பிடிச்சு உலுக்குவேன், உடனே இழுத்து விடுவாரு. எனக்கு பேக்கரியில விடியக்காலை ஷிப்ட். தூக்கம் கெடுதுன்னு எட்டு மாசமா ஹால்ல படுக்கிறேன். உலுக்க ஆளில்ல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க பக்கத்துல இருந்திருந்தா இது வந்திருக்காதுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. ஆனா இதைச் சொன்னீங்களே, அதுதான் எனக்கு வேணும். தூக்கத்துல மூச்சு நிக்கிறது இடது கண்ணுக்கும் ஆபத்து."

அதற்குள் அவரும் மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் நாலு பேருக்கு முன்னால் அழுது அவர் பார்த்ததில்லை.

"நானும் ஒண்ணு சொல்லணும்," என்றார். "முந்தாநாள் வரைக்கும் வண்டி எடுத்தேன். அறுபது பேரை வச்சுக்கிட்டு."

உட்கார்ந்திருந்த நோயாளி எழுந்து அவளுக்குத் தன் நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

மறுநாள் பணிமனை மேலாளரிடம் அவரே போய்ச் சொன்னார். திட்டு வாங்கினார். வண்டிகள் போகும் நேரத்தையும் வரும் நேரத்தையும் குறிக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். முதல் வாரம் வீட்டுக்கு வந்து யாரோடும் பேசவில்லை. மூன்று மாதம் கழித்து எடுத்த படத்திலும் வலது கண்ணின் கீழ்ப்பாதி கறுப்பாகவே இருந்தது. இடது கண் முழு வட்டமும் வெள்ளை. அந்தப் படத்தை மட்டும் டாக்டர் இரண்டு தடவை காட்டினார்.

தூக்கச் சோதனை முடிந்து, தூக்கத்தில் மூச்சு நிற்காமல் காற்றை ஊதிக்கொண்டிருக்கும் கருவி வந்துசேர்ந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. பகலில் போட்டுப் பழகச் சொல்லியிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் குழாயோடு சேர்ந்த முகமூடியை மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார்.

"பஸ்ஸை விட்டுட்டு ஏரோப்ளேனுக்கு மாறிட்டீங்களாக்கும்," என்றாள் அவள்.

முகமூடிக்குள்ளிருந்து ஏதோ பதில் வந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. அவர் தோள் குலுங்கியதைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று தெரிந்துகொண்டாள். ஹாலிலிருந்து தலையணையை எடுத்துவந்து கட்டிலில் அவர் பக்கத்தில் சுவரோரமாகப் படுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் அவர் தூங்கிப்போனார். மூச்சு சீராக வந்து போயிற்று. அடுத்தது நின்றுவிடும், அடுத்தது நின்றுவிடும் என்று அவள் உடம்பு விறைப்பாகவே கிடந்தது. நிற்கவில்லை. அவர் புரண்டபோது முழங்கை குழாயின்மேல் அழுந்தி, காற்று கீச்சென்று கத்தியது. அவள் படுத்தபடியே, அவரை எழுப்பிவிடாமல் அந்தக் கனத்த கையைத் தூக்கித் தன் வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். மாவு மூட்டையின் கனம் இருந்தது. குழாய் மெல்ல உப்பி, பழையபடி நிமிர்ந்தது.